சொன்னது சொன்னபடி

நாகம்மாவும் தமயந்தியும் பேச்சை நிறுத்தி ஒன்றரை வருசம் ஆகியிருந்தது. ஆனாலும் தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்டுரலுக்கு இரண்டு பக்கமும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தமயந்தி குழவியைச் சுற்றுவாள். நாகம்மா மாவைத் தள்ளிவிடுவாள். நாகம்மாவுக்கு வலது தோள்பட்டை போய் இரண்டு வருசமாகிறது. குழவி சுற்ற அவளால் ஆகாது. தனக்கு ஆகாதவள் சுற்றுகிற கல்லுக்கு அடியில் விரலைக் கொடுத்துக் கொடுத்து எடுக்கிற பிழைப்பு அவளுக்கு அப்படி வாய்த்தது. கோபம் முற்றிய நாளில் குழவி கொஞ்சம் வேகமாகச் சுற்றும். நாகம்மாவும் கையை இழுக்க மாட்டாள். பயந்துவிட்டாள் என்று எதிரே இருப்பவள் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வீடு காளிகாட்டில், ட்ராம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருந்தது. அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், மாணிக்கமும் முத்தையாவும், சந்து முனையில் ஒரு டிபன் கடை போட்டிருந்தார்கள். அண்ணன் மாணிக்கத்தின் பெண்டாட்டி நாகம்மா. கீழ் அறையில் குடித்தனம். தம்பி முத்தையாவின் பெண்டாட்டி தமயந்தி; மொட்டைமாடி அறையில் குடித்தனம். நடு மாடியில் வீட்டுக்காரப் பெங்காலிக் குடும்பம். கீழுக்கும் மேலுக்கும் நடுவே முப்பத்தொரு படி. பாதாள ரயிலுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்ட பிறகு சந்தில் வெயில் காலத்தில் புழுதியும் மழைக் காலத்தில் சேறுமாகக் கிடந்தது. கடைக்கு வருகிறவர்கள் பலகை மேல் நடந்து வந்து இட்லி தின்றுவிட்டுப் போனார்கள். மாவு நன்றாக இருந்ததால் வந்தார்கள். மாவுக்கு அந்த நாலு கைகள்தான் காரணம் என்பது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் அதை வெளியே சொன்னதில்லை.

சண்டை எதற்கு என்று கேட்டால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நடந்தது இதுதான். நாகம்மாவுக்கு அன்னக்கிளி, தமயந்திக்கு ஜானகி. இருபது நாள் வித்தியாசத்தில் பிறந்த பெண்கள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. சரஸ்வதி பூஜைக்குத் தெருப் பந்தலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு ஒப்பிக்கிற போட்டி வைத்தார்கள். ஜானகி ஏறி நின்று, பெங்காலிப் பிள்ளைகள் தோற்றுப்போகிற மாதிரி கண்ணை உருட்டிக் கையை ஆட்டி ஒப்பித்து, ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். மாஷிமா என்று பிள்ளைகள் கூப்பிடுகிற வீட்டுக்காரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, "கீ மிஷ்டி மேயே!", என்ன இனிப்பான பொண்ணு, என்று கொஞ்சினாள். அடுத்து அன்னக்கிளி ஏறினாள். கவுன் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றாள், யாரோ இறக்கிவிடும் வரை நின்றாள்.

திரும்பி வரும்போது தமயந்தி சொன்னாள்: "எங்கவளுக்கு வாயிருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்கிடுவா. அன்னத்த நெனச்சாத்தான் வெசனமா இருக்கு."

அவள் வருத்தப்பட்டுத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் தோற்ற பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற தாய்க்கு, ஜெயித்த பிள்ளையின் தாய் காட்டுகிற வருத்தத்தைப் போல எரிகிற வஸ்து வேறு கிடையாது. நாகம்மா அன்றைக்கு வாயை மூடினாள். தமயந்தி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளும் மூடினாள்.

இப்படி மூடிக்கொண்டவர்கள் ஒரு வீட்டில் எப்படிக் காலந்தள்ளுவது? உளுந்து எவ்வளவு ஊறப்போட்டது, தேங்காய் யார் உடைப்பது, கடையிலிருந்து என்ன சொல்லி அனுப்பினார்கள், இதெல்லாம் பேசித்தானே ஆக வேண்டும்? அதற்கு அன்னக்கிளி இருந்தாள். ஜானகியை அனுப்பினால் நடுப்படியில் நின்றே கத்தித் தெருவுக்கெல்லாம் சொல்லிவிடுவாள். அன்னக்கிளி சத்தமில்லாமல் ஏறுவாள், சத்தமில்லாமல் இறங்குவாள்.

"மேல போயி அந்த மகராணிட்டச் சொல்லு. உளுந்து பத்தல. அளக்கும்போது கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேளு" என்பாள் நாகம்மா.

அன்னக்கிளி போவாள். ஒரு ஆள் ஏறி இறங்குகிற நேரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கழித்து வருவாள்.

"எங்கட்டி போயித் தொலைஞ்ச? படியில ஒக்காந்து ஈ ஓட்டுனியா? அந்தா ஜானகியப் பாரு, பம்பரமாச் சுத்துதா. நீ புள்ளையா, புளிமூட்டையா? சித்தி என்ன சொன்னா?"

"நாளைக்குக் கூடுதலாப் போடுதேன்னாவ."

நாகம்மாவுக்கு அதிலும் ஒரு ஏமாற்றம். இவ்வளவு கேட்டும் அவள் திருப்பிச் சண்டைக்கு வரவில்லையே என்று இருக்கும். அந்தக் கோபம் அப்புறம் அன்னக்கிளியின் தலையில் விடியும். காலையில் கண் விழித்ததும் அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளை பாயைச் சுருட்டும். முகம் நன்றாக இருந்தால் காப்பி கேட்கும். இல்லாவிட்டால் கேட்காது, பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடும். "கேட்டு வாங்கித் திங்கக்கூடத் துப்பு கெடையாது" என்று அதற்கும் நாகம்மா திட்டுவாள்.

நடுப்படியில் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. நமக்குச் சொல்ல என்ன தடை? பதினாறாவது படியில் உட்கார்ந்து அம்மா சொன்னதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்க்கும். அப்புறம் அதில் முள்ளையெல்லாம் எடுக்கும். கண்ணு அவிஞ்சதை எடுத்துவிட்டு, உளுந்து பத்தவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். அதுவும் மொட்டையாக இருக்கிறது என்று தோன்றினால், "கோவிச்சுக்கிட வேண்டாம்னு அம்மா சொன்னா" என்று ஒன்றைக் கூடச் சேர்க்கும். மேலே போய்ச் சொல்லிவிட்டு, அங்கே கிடைத்ததை வாங்கிக்கொண்டு, இறங்கும்போது அதே படியில் அதே வேலை. பந்தலில் வாய் திறக்காத பிள்ளைதான் இது.

ஆனி மாசம் முடிகிறபோது புது விவகாரம் வந்தது. வெங்கடராமன் என்று ஒருவர், சர்க்கார் ஆபீசுகளில் கேண்டீன் எடுத்து நடத்துகிறவர், ஊரின் மறுகோடியில் சால்ட் லேக்கில் புதிதாகக் கட்டின ஆபீசில் ஒரு கேண்டீன் பிடித்திருந்தார். முத்தையாவும் பெண்டாட்டியும் வந்து நடத்தினால் குடியிருக்க இரண்டு அறையும் தருவதாகச் சொன்னார். முத்தையா, "ஆடியில வீடு மாறக் கூடாது, ஆவணி பொறக்கட்டும், சொல்லுதேன்" என்று ஒரு மாசம் தவணை வாங்கிக்கொண்டான்.

மாணிக்கம் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. "அவ போயிட்டா குழவி சுத்துறது யாரு? கூலிக்கு ஆள் வச்சா இந்த மாவு வருமா? கடைய மூடிட்டு ஊருக்குப் போவ வேண்டியதுதான். ஒரு வார்த்த, இருன்னு சொல்லேன். ஒன் வாயில இருந்து வந்தா அவ இருப்பா."

"நான் சொல்லணுமோ? அவ கால்ல விழச் சொல்லுங்க, அதையும் செய்யுதேன்" என்றாள் நாகம்மா. சொம்பை வைத்த வேகத்தில் தண்ணீர் அவன் இலையில் தெறித்தது.

உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். ஊருக்குப் போனால் கொழுந்தன்மார் வீட்டில் ஒண்ட வேண்டும். இந்த வயசில் யார் வீட்டுத் திண்ணையும் அவளுக்கு வேண்டாம். ஆனால் 'இரு' என்ற அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தினம் கல்லுக்கு எதிரே உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அந்த நேரம் பார்த்து மேலே ஜானகி மாஷிமாவிடம் பெங்காலியில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிற சத்தம் கேட்கும். வார்த்தை உள்ளேயே செத்துப்போகும்.

அடுப்படி மூலையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அன்னக்கிளி எல்லாவற்றையும் கேட்டது. ஆடி பத்தாம் தேதி வாக்கில், தேங்காய் துருவி கேட்டு மேலே போன சாக்கில், சித்தியிடம் சொன்னது: "சித்தி, நீங்க போவ வேண்டாம்னு அம்மா சொன்னா. நேர சொல்லக் கூச்சமா இருக்காம்."

தமயந்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். கண் கலங்கினது புகையால் மட்டுமில்லை. முத்தையாவிடம் அன்றே, "கேண்டீனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து குழவி நிதானமாகச் சுற்றியது. நாகம்மாவின் விரல் நிதானமாகப் போய் வந்தது. நாகம்மா, தான் அசையாமல் இருந்ததால்தான் அவள் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடி இருபத்தெட்டு. மூன்று நாளாக மழை விடவில்லை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். உரலை மாடிப்படிக்குக் கீழே உருட்டி வைத்து ஆட்டினார்கள். நடு மாடியிலிருந்து இலிஷ் மீன் பொரிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகள் இரண்டும் படியில் உட்கார்ந்திருந்தன.

தமயந்தி திடீரென்று, "அக்கா, தோள் வலி எப்பிடி இருக்கு?" என்றாள்.

ஒன்றரை வருசத்துக்கு அப்புறம் காதில் விழுந்த முதல் வார்த்தை. நாகம்மா கையை எடுத்துக்கொண்டாள். "என்ன, இன்னைக்குத் திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது?"

"நீங்கதான நேர பேசக் கூச்சமா இருக்குன்னு சொல்லிவுட்டிய. நான் சின்னவதான, நானே பேசுவம்னு பேசுனேன். நீங்க போவாதன்னு சொன்ன பொறவு எனக்கு மனசே கேக்கலக்கா. அவுகளும் கேண்டீன் வேண்டாம்னுட்டாவ."

"யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நானா? ஒன்னைய இருக்கச் சொல்லி நானா கெஞ்சுனேன்? எந்தக் காலத்துல?"

குழவி நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் படியைப் பார்த்தார்கள். அன்னக்கிளி எழுந்து நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சந்து முழுக்கக் கேட்டது. தமயந்தி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். "பங்குனியில எனக்குக் காய்ச்சலு, ரசம் வேணுமான்னு கேட்டிய?"

"நான் எங்க கேட்டேன்? நடிக்கா, எந்திரிச்சு வரச் சொல்லுன்னேன். நீ என் சொதி நல்லாருக்குன்னு சொல்லிவுட்டியே, அது?"

"நல்லாருக்குன்னா? உப்ப அள்ளிக் கொட்டியிருக்கு, நாயிகூட நக்காதுன்னு சொன்னேன்!"

"நாயா? என் சொதி ஒனக்கு நாயி நக்குறதா?"

"நான் நடிக்கேனா? நூத்தி மூணு டிகிரிக் காய்ச்சலுல நடிக்கேனா?"

ஒன்றரை வருசமாகப் படியில் தேங்கிக் கிடந்த வசவு எல்லாம் ஒரே மத்தியானத்தில் போய்ச் சேர்ந்தது. ஒன்று பாக்கியில்லை. பழசானாலும் காரம் குறையவில்லை. பேசிப் பேசி மூச்சு வாங்கியபோது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று உறைத்தது: தங்களை ஒரு பொட்டைப் பிள்ளை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சியானார்கள்.

"ஒம்பது வயசுல இத்தன பொய்யா? வளந்தா என்ன செய்வா இவ?" என்றாள் தமயந்தி.

"கல்லுளிமங்கி மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேல பாத்திருக்கா பாரு" என்றாள் நாகம்மா.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தமயந்திக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க ஜானகி வாயாடிதான், இல்லங்கல. ஆனா ஒருநாளும் பொய் சொல்ல மாட்டா" என்றாள்.

நாகம்மா மாவுக் கையோடு எழுந்து போய் மகளை அடித்தாள். பொய்க்கு ஒன்று விழுந்தது. மற்றதெல்லாம் ஜானகிக்காக விழுந்தது. கன்னத்திலும் கவுனிலும் மாவு அப்பிக்கொண்டது. ஜானகிதான் வீறிட்டு அழுதாள். அடி வாங்கியவள் அழவில்லை.

"சத்தியம் பண்ணு. காளியாத்தா மேல பண்ணு. இனி யாரு என்ன சொன்னாலும் சொன்னத சொன்னபடி சொல்லணும். ஒரு எழுத்து கூடக் கூடாது, கொறையக் கூடாது. சொல்லு!"

"சத்தியமா."

"எதுக்குட்டி இப்பிடிப் பண்ணுன?" என்று தமயந்தி கேட்டாள்.

அன்னக்கிளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க சண்ட போடாம இருந்தியள்லா" என்றது.

மறுபடி வாய்ப்பூட்டு. முத்தையா இன்னும் முடிவு சொல்லாததால், ஆவணி முதல் தேதி காலையில் வெங்கடராமனே கடைக்கு வந்து, இதுதான் கடைசி, வேண்டாமென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். முத்தையா வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஓடி வந்தான். தமயந்தி மூன்று நாளாக யோசித்திருந்தாள். கோபம் இருந்தது. ஆனாலும் அந்தப் பொய்யைக் கேட்டபோது பட்ட சந்தோசமும் மறக்கவில்லை. அன்னக்கிளியைக் கூப்பிட்டு, "ஒங்கம்மைட்டப் போயிக் கேளு. அவ வாயால ஒரே ஒரு வார்த்த, இருன்னு சொல்லட்டும், இருக்கேன். பழச எல்லாம் விட்டுருதேன்" என்றாள்.

அன்னக்கிளி கீழே வந்து அதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னது.

நாகம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். தமயந்தியாவது, பழசை விடுவதாவது! சூடு பட்டும் பிள்ளை பழைய வேலையை விடவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மேலே இருப்பவள் நிஜமாக என்ன கொழுப்பாகக் கேட்டு அனுப்பினாளோ என்று நினைக்க நினைக்க ரத்தம் கொதித்தது. கூடவே ஒரு தைரியமும் வந்தது. நாம் எதைச் சொன்னாலும் இது தேனாக மாற்றித்தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறது? நாம் மனசாரத் திட்டிக்கொள்ளலாம், மேலே 'இரு' என்று போய்ச் சேரும், அவள் இருப்பாள், கடை நடக்கும். தன் வாயும் தாழ்ந்ததாகாது.

"போயிச் சொல்லு" என்றாள். "அவ இருந்தா எனக்கென்ன, போனா எனக்கென்ன. போற சனியன் ஒழிஞ்சதுன்னு தலமுழுகிட்டுச் சக்கரப்பொங்கல் வச்சுத் திம்பேன். அவளும் அவ சீமச்சித்ராங்கி மவளும் இனி இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம். சொல்லு போ."

அன்னக்கிளி கேட்டது: "அப்பிடியேவா?"

"ஆமா, அப்பிடியே" என்றாள் நாகம்மா. சொல்லிவிட்டு ஆறுதலாக அரிசியை அலசினாள்.

மேலே போன குரல் படிக்கட்டு வழியாகத் தெளிவாகக் கேட்டது. பந்தலில் வராத குரல் இப்போது நன்றாக வந்தது. சனியன் வந்தது, தலைமுழுக்கு வந்தது, சர்க்கரைப் பொங்கல் வந்தது, சீமைச்சித்ராங்கி வந்தது. நாகம்மா எந்த இடத்தில் இழுத்தாளோ அந்த இடத்தில் இழுத்து, எங்கே பல்லைக் கடித்தாளோ அங்கே பல்லைக் கடித்து. தன் பேச்சு வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று நாகம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சட்டியைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு படிவரை ஓடினாள். முதல் படியில் கால் வைத்தாள். ஏறி என்ன சொல்வது? ஏறவில்லை.

மூன்றாம் நாள் டெம்போ வந்தது. மாணிக்கம் கடையை விட்டு வரவில்லை. ஜானகி பெங்காலியில் ஏதோ சொல்லி அன்னக்கிளியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளை இழுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. நாகம்மா அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தாள். ஏறுவதற்கு முன் தமயந்தி குனிந்து அன்னக்கிளியின் காதில் என்னவோ சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். டெம்போ சேற்றில் ஒரு தரம் சிக்கி அப்புறம் போனது.

மத்தியானம் இரண்டு மணிக்கு நாகம்மா உரலடியில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. இடது கையால் குழவியைப் பிடித்து, வலது கையை அதன் மேல் வைத்துச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் தோளிலிருந்து கழுத்து வரை கத்தி இறங்கியது. எதிரே அன்னக்கிளி உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டது. சின்னக் கை, ஆனால் சுற்றைப் பார்த்துச் சரியாகப் போய்ச் சரியாக வந்தது. இதை எப்போது கற்றுக்கொண்டது என்று நாகம்மாவுக்குத் தெரியாது. கால்படி உளுந்து ஆட்டுவதற்குள் அவளுக்குக் கண் இருண்டது. குழவியை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"ஏ அன்னம்."

"ம்."

"சித்தி போம்போது ஒன் காதுல என்னமோ சொன்னாளே. என்னப் பத்தியா?"

"ஆமா."

"என்ன சொன்னா?"

அன்னக்கிளி கையிலிருந்த மாவை வழித்து உரலில் விட்டது. "அப்பிடியே சொல்லவாம்மா?"

ஒன்பது வயசுப் பிள்ளையிடம் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று நாகம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"மாத்திச் சொல்லு" என்றாள்.

அன்னக்கிளி கண்ணை மூடி யோசித்தது. உதடு அசைந்தது. ரொம்ப நேரம் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டு, "வர மாட்டேங்குதும்மா" என்றது.